காதை மூடிய பின்னும் கேட்ட ஒலி: ஒரு நாகசுர வித்வானின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் காவிரியை ஒட்டிய ஊர் ஒன்றைச் சேர்ந்தவர் இந்த வித்வான். வயது 46. ஒன்பதாம் வயதில் தந்தையிடம் பாடம் தொடங்கியவர். கோயில் மேளமும் கல்யாணக் கச்சேரியுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்து வருகிறார். அவர் வாசிப்பது நீளமான பாரி நாயனம். அதன் மரக்குழலான உலவு, நாகசுரத்துக்காக 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி திருவாவடுதுறையில் கட்டியது. குழுவில் தம்பி இரண்டாம் நாயனம். தாய்மாமன் மகனும் இன்னொருவரும் தவில்.

நான் கேட்பியல் துறையில் பணியாற்றுகிறேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அனுப்பியதன் பேரில், மாசி மாத முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்த நாட்களில், இவர் எங்கள் மையத்துக்கு வந்தார். அவருடைய ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் இதை எழுதுகிறேன். நோயின் அருமை கருதி இதை எழுதவில்லை. அவருக்கு இருந்த கேள்திறன் குறைபாடு மிகச் சாதாரணமானது. "காதை அடைத்த பிறகும் ஏன் கேட்கிறது?" என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு உரிய நேரத்தில் விடை சொல்லாததால், தேவையான பாதுகாப்பு ஒரு முகூர்த்தப் பருவம் முழுவதும் அவருக்குக் கிடைக்காமல் போனது. எழுதக் காரணம் அதுதான்.

முதல் வருகையில் கண்டவை

கச்சேரி முடிந்த இரவுகளில் இரண்டு காதிலும், இடது காதில் சற்றுக் கூடுதலாக, சில்வண்டு கத்துவது போன்ற இரைச்சல் கேட்பதாகவும், அது முன்பு விடிவதற்குள் நின்றுவிடும் என்றும், இப்போது மறுநாள் மாலை வரை நீடிக்கிறது என்றும் சொன்னார். பேச்சு கேட்கிறது, ஆனால் கூட்டத்தில் சொற்களின் முனை தெரியவில்லை என்றார். அலைபேசியை எப்போதும் வலது காதிலேயே வைப்பதை உடன் வந்த மனைவி நினைவூட்டினார். வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி சில மாதங்கள் காதில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் விட்டிருக்கிறார். பலன் இல்லை.

அவர் வந்தது ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் காலை. பெருத்த ஒலிக்குப் பின் கேள்திறன் தற்காலிகமாகத் தாழ்ந்து, ஓய்வில் மீளும் இயல்புடையது என்பதால், அன்று எடுத்த அளவை வைத்துக்கொள்ளாமல், ஒரு முழுநாள் வாசிப்பில்லாத இடைவெளிக்குப் பின் மறுபடி வரச் சொன்னோம். அந்த இரண்டாம் சோதனையில் 2,000 ஹெர்ட்ஸ் வரை இரு காதுகளும் இயல்பாக இருந்தன. 4,000 ஹெர்ட்ஸில் வலது காதின் கேள்வாயில் (கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலியளவு; எண் கூடினால் கேள்திறன் குறைவு) 40 டெசிபலாகவும் இடது காதினுடையது 55 டெசிபலாகவும் இருந்தன. 8,000 ஹெர்ட்ஸில் இரண்டும் ஓரளவு மேம்பட்டன. வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் குழி விழுந்து மீளும் இந்த வடிவம் பேரொலியால் வரும் சேதத்துக்கு உரிய அடையாளம். காற்றில் ஒலியை அனுப்பி எடுத்த காற்றுவழி அளவுக்கும் மண்டையெலும்பை அதிரவைத்து எடுத்த எலும்புவழி அளவுக்கும் இடையே வேறுபாடு இல்லை; ஆகவே செவிப்பறையிலோ நடுக்காதின் சிற்றெலும்புகளிலோ தடை இல்லை, பழுது உட்காதில்தான் என்பது தெளிவாயிற்று.

இடது காது ஏன் கூடுதலாகக் கெட்டது என்பதை அவருடைய மேடை அமைப்பைக் கேட்ட பிறகே புரிந்துகொண்டேன். நாயனம் நடுவில், தவில் இருபுறமும். தாய்மாமன் மகன் எப்போதும் இவருடைய இடப்பக்கம் அமர்கிறார். எல்லோரும் சபையைப் பார்த்து உட்காரும்போது, இடப்பக்கத்துத் தவிலின் வலது முகமான வலந்தலை இவருடைய இடது காதை நோக்கியே இருக்கும். விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலையின் சொற்கள், அதாவது அதன் அடிகளின் ஒலிகள், கூர்மையும் உச்ச அதிர்வெண்களும் மிக்கவை. வலப்பக்கத்துத் தவிலிலிருந்து இவருடைய வலது காதை நோக்குவது பூவரசங்குச்சியால் அடிக்கும் இடது முகமான தொப்பி. அதன் ஒலி கனமானது, ஆனால் தாழ்ந்தது. கல்யாண மண்டபங்களில் பின்னாலிருந்து ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஒருநாள் மண்டப மேடையில் அவர் இடது காதருகே ஒலிமானியைப் பிடித்தபோது, தவில் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம் நடந்த நேரம் முழுவதும் அது 100 டெசிபலுக்குக் கீழே இறங்கவில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்ற கணக்கின்படி, 100 டெசிபலில் ஒரு நாளைக்குத் தாங்கத்தக்கது 15 நிமிடம்.

முதல் முடிவும் அதன் குறையும்

உட்காதில் ஒலியை உணரும் மயிர் உயிரணுக்கள் செத்துவிட்டால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே செய்யக்கூடியது மேலும் இழப்பைத் தடுப்பது ஒன்றே என்பதை அவருக்கு விளக்கி, விரலால் உருட்டிச் செருகும் பஞ்சு அடைப்பான்களை இரண்டு பெட்டி கொடுத்து அனுப்பினோம். அவை மலிவானவை, உடனே கிடைப்பவை, ஒழுங்காகச் செருகினால் ஒலியை நன்றாகக் குறைப்பவை என்பதால் அம்முடிவை எடுத்தோம். எப்படிச் செருகுவது என்பதை மட்டும் காட்டினோம். செருகிய பின் என்ன கேட்கும் என்பதைச் சொல்லவில்லை. அன்று வரிசையில் பலர் காத்திருந்தார்கள் என்பது உண்மை என்றாலும், அந்த விளக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

திரும்பி வந்தபோது

ஐந்து வாரங்கள் கழித்து, பங்குனி முகூர்த்தங்களின் நடுவே வந்தார். பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று பிரிக்கப்படவே இல்லை.

"டாக்டரம்மா, இது அடைக்கலை. காதை மூடினா கேக்கக் கூடாதில்ல? இதைப் போட்டா என் நாயனம் மண்டைக்குள்ளேருந்து கேக்குது. குதிருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு. மச்சான் வாசிக்கிற சொல்லு ஒண்ணும் விளங்கலை, என் மூச்சு மட்டும் பெருசா கேக்குது."

மூன்று கச்சேரிகளில் முயன்றிருக்கிறார். மூன்றாவதில், தனி ஆவர்த்தனத்துக்கு முன் தாளம் பிடிபடாமல் போகவே, இடது காதினுடையதைப் பிடுங்கி மடியில் போட்டுவிட்டார். பாதுகாப்பு அதிகம் வேண்டிய காதும் அதுவே, அதிகம் வேண்டிய நேரமும் அதுவே. அடைப்பான் போட்டுக்கொண்டு படுத்த ஓர் இரவில் இரைச்சல் கூடியதாகவும் நாடித் துடிப்பு கேட்டதாகவும் சொன்னார். அதனால் அது காதை மேலும் கெடுக்கிறதோ என்ற பயமும் அவருக்கு வந்திருந்தது.

அவர் சொன்னவற்றுள் ஒன்றுகூட மிகையில்லை. ஒவ்வொன்றும் அடைப்பான் சரியாகப் பொருந்தியதற்கான அடையாளம். ஆனால் அதை அறியாத ஒருவருக்கு அவை எல்லாம் பொருள் பழுது என்றோ உடல் பழுது என்றோ தோன்றுவதுதான் இயல்பு.

மேசையருகே செய்த சோதனைகள்

விரிவுரையாகச் சொல்வதைவிட அவர் காதாலேயே தெரிந்துகொள்வது மேல் என்று முடிவு செய்தேன். சுருதி பேதத்தை நாள் முழுதும் பிரித்தறியும் காது அது. முதலில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அடிக்காம்பை நெற்றியின் நடுவே ஊன்றினேன். ஒலி தலையின் நடுவில் கேட்பதாகச் சொன்னார். இடது காதை விரலால் மூடச் சொன்னேன். உடனே ஒலி இடப்பக்கம் ஓடியது. விரலை எடுத்தார், நடுவுக்கு வந்தது. வலது காதை மூடினார், வலப்பக்கம் போனது. மூடிய காதில் ஒலி குறைவதற்கு மாறாகக் கூடுகிறது என்பதை அவர் நான்கைந்து முறை தானே செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். இசைக்கவையைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, காது வாயிலை மூடியும் திறந்தும் பார்த்தபோது ஒலி பெருத்தும் சிறுத்தும் கேட்டது. இதே சோதனையை 19ஆம் நூற்றாண்டு முதல் மருத்துவர்கள் செய்துவருகிறார்கள். நடுக்காதில் தடையில்லாதவருக்கே இந்த மாற்றம் தெரியும்.

அடுத்து, இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஸ்வரங்களை ஒரே ஸ்தாயியில், ஒரே அழுத்தத்தில் வாயால் சொல்லச் சொன்னேன். ஸ, ரி, க, ம, ப, த, நி. ஏழையும் சொல்லி முடித்தவர் மறுபடி தொடங்கி, "ரி"யில் நின்றார். பிறகு "நி"யில் நின்றார். "இந்த ரெண்டு மட்டும் உள்ள முழங்குதே" என்றார். "ஈ", "ஊ" போன்ற உயிரொலிகளில் வாய் ஒடுங்கியிருப்பதால் வாய்க்குள் ஒலியழுத்தம் மிகுந்து, அது தாடைக்கும் மண்டைக்கும் ஏறுகிறது. "ஆ"வில் வாய் அகன்று ஒலி வெளியே போய்விடுகிறது. மூடிய காதில் முழங்குவது தொண்டையின் ஒலியாகவோ ஸ்வரத்தின் உயரமாகவோ இருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. நான் சொல்லாமலே அவர் இதைக் கண்டுபிடித்தது எனக்கு மிகவும் உதவியது, ஏனென்றால் அதன் பிறகு அவர் கேள்விகள் மாறின. "இது அடைக்கலை" என்பதை விட்டு, "அப்ப இது எங்கேருந்து வருது?" என்று கேட்கத் தொடங்கினார்.

மூன்றாவதாக, உலவை விட்டுச் சீவாளியை மட்டும் அதைத் தாங்கும் உலோகக் குழாயான கெண்டையில் வைத்து ஊதச் சொன்னேன். காதை மூடி ஊதியபோது கன்னத்திலும் கீழ்த்தாடையிலும் காதின் முன்புறத்திலும் அதிர்வு ஏறுவதைத் தன் விரலாலேயே தொட்டு உணர்ந்தார்.

கடைசியாக, அடைப்பான் உண்மையில் வெளியொலியைக் குறைக்கிறதா என்பதை அளந்து காட்டினோம். ஒலிபுகா அறையில் ஒலிபெருக்கி வழியாகத் தொனிகளை ஒலிக்கவிட்டு, அடைப்பான் இல்லாமலும் செருகியும் கேள்வாயில்களை எடுத்தோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாழ்ந்த தொனிகளில் 22 டெசிபல், உயர்ந்தவற்றில் 35 டெசிபல் வரை. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தோம்.

மூடிய காதுக்கு ஒலி வரும் வழிகள்

காதுக்குழல் சுமார் இரண்டரை செ.மீ. நீளம். அதன் வெளிப்புற மூன்றிலொரு பகுதிச் சுவர் குருத்தெலும்பு. மீதி, செவிப்பறை வரை, கெட்டியான எலும்பு. காற்றில் வரும் ஒலி இக்குழல் வழியே செவிப்பறையை அசைத்து, மூன்று சிற்றெலும்புகள் வழியாக உட்காதிலுள்ள நத்தைச் சுருளின் திரவத்தை அடைகிறது. ஆனால் திரவத்தை அசைக்க இது ஒன்றே வழி அல்ல. மண்டையோடு அதிர்ந்தால் அந்த எலும்புக்குள் பதிந்திருக்கும் சுருளும் அதிர்கிறது. உள்ளிருக்கும் திரவமும் சிற்றெலும்புகளும் தம் நிறையால் பின்தங்கி அசைகின்றன. இரண்டு வழியில் வந்தாலும் உட்காதில் நிகழ்வது ஒன்றே என்பதை கியோர்க் ஃபான் பெக்கேஷி 1932இல் ஓர் எளிய உத்தியால் காட்டினார்: எலும்புவழி கொடுத்த 400 ஹெர்ட்ஸ் தொனியை, காற்றுவழி கொடுத்த அதே தொனியைக் கொண்டு, அளவையும் கட்டத்தையும் (அலை ஏறி இறங்கும் நேரத்தையும்) சரிசெய்து, கேட்காமல் அழித்துவிட முடிந்தது. உட்காது பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குரலை நாம் கேட்பதில் எலும்புவழிப் பங்கும் காற்றுவழிப் பங்கும் ஏறத்தாழச் சமம். பதிவு செய்த குரலைக் கேட்கும்போது அது மெலிந்தும் அந்நியமாகவும் ஒலிப்பதற்கு, அதில் எலும்புவழிப் பங்கு இல்லாமையே காரணம்.

மூடும்போது ஒலி ஏன் கூடுகிறது என்பதற்கு விடை குருத்தெலும்புச் சுவரில் இருக்கிறது. தாடை மூட்டு காதுக்குழலுக்குச் சரியாக முன்னால் இருக்கிறது. பேசும்போதும் மெல்லும்போதும் ஊதும்போதும் வரும் அதிர்வு அந்த மென்சுவரை அசைத்து, குழலுக்குள்ளேயே ஒலியை உண்டாக்குகிறது. காது திறந்திருந்தால் அதில், குறிப்பாகத் தாழ்ந்த அதிர்வெண்களில், பெரும்பகுதி வெளியே கசிந்துவிடுகிறது. வாயிலை அடைத்தால் போக்கிடம் இல்லாமல் செவிப்பறை மேலேயே விழுகிறது. இதையே அடைப்பு விளைவு என்கிறோம். 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இதன் வலிமை. அங்கே 20 டெசிபலும் அதற்கு மேலும் ஒலி கூடலாம். பாரி நாயனத்தில் மத்திமஸ்தாயி ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வெண்கள் ஏறத்தாழ 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், அவர் வாசிப்பின் உடற்பகுதி முழுவதும் இந்த எல்லைக்குள் விழுகிறது. பஞ்சு அடைப்பானோ உயர் அதிர்வெண்களையே அதிகம் குறைக்கிறது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு விபரீதங்கள் நடந்தன: தன் நாயனத்தின் கார்வை உள்ளே முழங்கிற்று, தவிலின் சொற்களுக்குத் தெளிவு தரும் கூர்மை வெளியே நின்றுபோயிற்று. குதிர் என்று அவர் சொன்ன உவமைக்கு மேல் துல்லியமாக இதை நான் விளக்க முடியாது.

இதற்கு மேலும் சில ஒலிகள் உண்டு. விரலை அழுத்திக் காதை மூடும்போது வரும் மந்தமான உறுமல் கைத்தசைகளின் சுருக்கத்திலிருந்து வருவது. தசை ஒலி என்று 1810இல் இங்கிலாந்தின் வொல்லாஸ்டன் இதை விவரித்தார். மூச்சு, விழுங்குதல், காலடி, நாடி ஆகியவை எல்லாம் எப்போதும் உடலுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. வெளியொலி அவற்றை மறைத்து வைக்கிறது, காதை மூடினால் மறைப்பு விலகுகிறது. இரைச்சல் கூடியதாகத் தோன்றியதும் அதனால்தான். எனினும் நாடித் துடிப்பு என்று ஒருவர் சொல்லும்போது அதை அப்படியே ஒதுக்கிவிடக் கூடாது. காது திறந்திருக்கும்போதும் கேட்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா, பேரொலியில் தலைசுற்றுகிறதா, கண் அசையும் ஒலி கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். உட்காதில் உடல் சமநிலையை உணரும் உறுப்பான மேல் அரைவட்டக் குழலின் மேலெலும்பு திறந்திருக்கும் நிலையில் உடலின் உள்ளொலிகள் மிகையாகக் கேட்கும். 1998இல்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. இவருக்கு அப்படி எந்த அறிகுறியும் இல்லை. மருத்துவரும் மறுபடி பார்த்து உறுதி செய்தார்.

"எவ்வளவு நல்லா அடைச்சாலும் முழுசா கேக்காம போகாதா?" என்றும் கேட்டார். போகாது. காதுக்குழலை முற்றிலும் அடைத்தாலும் வெளியொலி மண்டையோட்டின் வழியே உள்ளே போகும். சுமார் 40 முதல் 50 டெசிபலுக்கு மேல் எந்த அடைப்பானாலும் குறைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

மாற்று முடிவுகள்

அடைப்பு விளைவைக் குறைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அடைப்பானில் துளையிட்டு உள்ளொலி வெளியேற வழிவிடுவது; ஆனால் அதே துளை வழியாகத் தவிலின் ஒலியும் உள்ளே வரும் என்பதால் அதை விட்டோம். மற்றொன்று, அடைப்பானைக் குருத்தெலும்புப் பகுதியைத் தாண்டி எலும்புப் பகுதி வரை ஆழமாகப் பொருத்துவது. அதிரும் சுவரையே அடைப்பான் தாங்கிப் பிடித்துக்கொள்வதால் ஒலி உண்டாகும் பரப்பு குறைகிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, அவர் காதின் அச்சை எடுத்துச் சிலிக்கோன் அடைப்பான் செய்து, எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும் 15 டெசிபல் வடிகட்டி பொருத்துவது என்று முடிவு செய்தோம். 25 டெசிபல் வடிகட்டியும் கிடைக்கும். காதை இன்னும் காக்கும் என்றாலும், தாளம் பிடிபடாமல் அவர் மறுபடி கழற்றி எறிந்தால் பாதுகாப்பு சுழியமாகிவிடும். கச்சேரி முழுவதும் காதில் இருக்கும் 15, பாதியில் மடிக்குப் போகும் 25ஐ விட மேலானது என்று கருதினேன்.

வைகாசியில் அடைப்பான்கள் வந்தன. பேசும்போது நன்றாக இருந்தன. ஊதும்போது பழைய முழக்கம் குறைந்தாலும், இடது பக்கம் விட்டு விட்டுக் கசிவு ஏற்பட்டது: ஒரு கணம் தவில் குறைந்து, மறுகணம் பாய்ந்து வந்தது. அதை எங்கள் அறையில் நாயனத்தோடு வாசிக்கச் செய்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. சீவாளியைக் கவ்வி ஊதும்போது கீழ்த்தாடை இறங்கி, கன்னம் விரிந்து, காதுக்குழலின் முன்சுவர் நகர்ந்து குழலின் வடிவமே மாறுகிறது. நாங்களோ வாயை மூடி உட்காரவைத்து அச்செடுத்திருந்தோம். மறுபடி அச்செடுத்தோம். பசை இறுகும் வரை, சுமார் ஐந்து நிமிடம், சீவாளியை வாயில் வைத்து வாசிக்கும் நிலையிலேயே தாடையை நிறுத்தி இருந்தார். காதில் பசையும் வாயில் சீவாளியுமாக, அங்கே இல்லாத உலவின் துளைகளைத் தேடி அவருடைய இரு கைகளும் மடிமேல் அசைந்துகொண்டிருந்தன.

அதோடு மேடை அமைப்பிலும் ஒரு மாற்றத்தை முன்வைத்தோம். இடப்பக்கத்துத் தவிலை ஒரு முழம் பின்னால் நகர்த்தி, வலந்தலை இவருடைய காதுக்கு நேராக இல்லாமல் முதுகுக்குப் பின்னால் போகும்படி சற்றுத் திருப்புவது. முகம் பார்த்து வாசிக்க வேண்டும் என்பதால் தவில்காரர் முதலில் மறுத்தார். வித்வானே பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒலிபெருக்கியைப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றும்படி மண்டபக்காரர்களிடம் கேட்பதையும் பழக்கமாக்கிக்கொண்டார். எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

பின்னர் நடந்தவை

புதிய அடைப்பான் ஆனி இறுதியில் கிடைத்தது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. அந்த மாதம் முழுவதும் வீட்டுச் சாதகத்தில் முதலில் பத்து நிமிடம், பிறகு அரைமணி, பிறகு ஒரு மணி நேரம் என்று போட்டுப் பழகினார். முதல் வாரம் சுருதி தனக்கு இறங்கிக் கேட்பதாகத் தோன்றியது. தம்பியை உடன் வாசிக்க வைத்து, சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டு, இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டார். ஆவணியில் கல்யாணக் கச்சேரிகளில் போடத் தொடங்கினார். கெட்டிமேளத்திலும் கழற்றவில்லை என்று மனைவி சொன்னார்.

சுவாமி புறப்பாட்டில் மட்டும் இடது காதுக்கே போட்டுக்கொள்கிறார். மல்லாரி வாசித்துக்கொண்டு வீதியில் நடக்கும்போது சுவாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் குரலும் முன்னால் போகிறவர்களின் சைகைக் குரலும் கேட்க வேண்டும் என்கிறார். திறந்த வெளியில் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பாததாலும், அவர் காதைக் காக்க முழுதாக மறுப்பதைவிட இது நல்லது என்பதாலும், நான் ஒத்துக்கொண்டேன்.

ஓராண்டு கழித்து எடுத்த வரைபடத்தில் அளவுகள் அப்படியே இருந்தன. 4,000 ஹெர்ட்ஸில் இடது 55, வலது 40. இழந்தது திரும்பவில்லை, மேலும் இழக்கவில்லை. ஓராண்டு என்பது குறுகிய காலம். நின்றுவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். இரவு இரைச்சல் இன்னும் உண்டு. கச்சேரி மறுநாள் மாலை வரை நீண்டது இப்போது காலை காப்பிக்குள் அடங்கிவிடுகிறது என்றார். தலையணையில் இடது காதை அழுத்திப் படுத்தால் நாடி கேட்கிறது. அது அவரை இப்போது எழுப்புவதில்லை.

இனி மாற்றிச் செய்வன

அடைப்பான் எதைக் கொடுத்தாலும், கொடுக்கும் நாளிலேயே காதை மூடி "ரி", "நி" என்று சொல்லவைத்து, உள்ளே முழங்குவதை முன்கூட்டியே கேட்கச் செய்கிறோம். அதன் பிறகு வீட்டில் அந்த ஒலி கேட்டால், பொருள் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரிகிறது. பாட்டுக்காரர் அல்லாதவரிடம் "நீ", "வா" என்ற இரண்டு சொற்கள் போதும். நெல் அரவை ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு அப்படித்தான் விளக்கினேன்.

ஊதுகருவி வாசிப்பவர்கள் முதல் வருகையிலேயே சீவாளியோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். அச்செடுப்பது வாசிக்கும் தாடை நிலையில்தான். இவர்களுக்குப் பஞ்சு அடைப்பானைத் தொடக்கத் தீர்வாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். சிலிக்கோன் அடைப்பானின் விலை ஒரு கோயில் மேளக்காரருக்குச் சுமைதான். அதைச் சொல்லாமல் விட முடியாது. எனவே வாங்க இயலாதவர்களுக்கு, தவிலை நகர்த்துவதையும் சாதகத்தின்போது இடைவெளி விடுவதையும் முதலில் வைத்து, பஞ்சு அடைப்பானை முழு விளக்கத்தோடு இரண்டாவதாகக் கொடுக்கிறோம்.

பெரிய விடுபடல் ஒன்று இன்னும் இருக்கிறது. வித்வானின் இடது காதைக் கெடுத்த அதே வலந்தலை, அதை வாசிப்பவரின் வலது காதுக்கு அதைவிட அருகில் இருக்கிறது. குழு முழுவதையும் முதல் நாளே அழைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்தோம். தாய்மாமன் மகன் இதுவரை வரவில்லை. கூட்டின் சொல் துல்லியமாகக் கேட்காவிட்டால் விரல் நிற்காது என்று அவர் சொல்லியனுப்பிய காரணத்தை நான் மதிக்கிறேன். அடுத்த ஆடியில், அடைப்பான் பேச்சே எடுக்காமல், சோதனைக்கு மட்டும் அழைத்து வருவதாக வித்வான் சொல்லியிருக்கிறார். தவிலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.